எலிக்கு வந்த தொந்தி

திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசம் போன்ற ஊர்களில் ஆவாரம்பூக் குடிநீரும் ஊறவைத்த வெந்தயமும் புதியவை அல்ல. புதியது, மூலிகைப் பொடி விற்பவர்கள் இன்று சேர்த்துச் சொல்லும் வாக்கு: கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு நிகராக வேலை செய்வதாக ஆய்விலேயே தெரிந்துவிட்டதாம். இத்தகைய ஆய்வுகளில் மிகப் பல எலிகளில் நடந்தவை. கொழுப்புத் தீனி போட்டு எலியைப் பருக்கவைப்பார்கள். ஒரு பிரிவுக்கு மூலிகைச் சாறு, இன்னொன்றுக்கு ஸ்டாடின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான அடார்வாஸ்டாடின் கொடுத்து ரத்தத்தையும் ஈரலையும் ஒப்பிடுவார்கள்.

இந்த முறையை ஒதுக்கிவிட முடியாது. மனிதரின் ஈரலை அறுத்துப் பார்க்க இயலாது, எலியில் இயலும். ஸ்டாடினே 1970களில் ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ பென்சிலியம் பூஞ்சையில் கண்டெடுத்த பொருளிலிருந்து வளர்ந்த மருந்துதான். செடியில் மருந்து தேடுவது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கோளாறு ஒப்பீட்டில் இருக்கிறது. எலியின் ரத்தத்தில் கொலஸ்ட்ராலின் பெரும்பகுதி எச்டிஎல் என்னும் நல்ல கொழுப்பாகவே ஓடுகிறது. ஸ்டாடின் கொடுத்தால், அது தடுக்கும் நொதியையே எலியின் ஈரல் கூடுதலாக உண்டாக்கி ஈடுகட்டிவிடுகிறது. மாத்திரை சரியாக வேலை செய்யாத உடலில் மாத்திரைக்கு நிகர் என்று பெயர் வாங்குவதில் என்ன பெருமை? தீனியும் பொருந்தவில்லை. அதில் பெரும்பாலும் 45 அல்லது 60 விழுக்காடு கலோரி கொழுப்பிலிருந்து வருகிறது. இந்தியர் உணவிலோ சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருவதாக ஐசிஎம்ஆர்-இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு சொல்கிறது. நம் தொந்தி சோற்றில் வந்தது.

மனிதரிடம் சோதித்தபோது கதை மாறியது. 1998இல் 135 பேரிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், 12 வாரம் குடம்புளிச் சத்து சாப்பிட்டவர்களுக்கு வெற்று மாத்திரைக்காரர்களைவிடக் குறிப்பிடும்படி எடை குறையவில்லை. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 5 மில்லிகிராம் ரோசுவாஸ்டாடின் 28 நாளில் கெட்ட கொழுப்பை ஏறக்குறைய 38 விழுக்காடு இறக்கியது. மஞ்சள், பூண்டு, லவங்கப்பட்டை மாத்திரைகள் வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

ஸ்டாடினுக்கும் எல்லை உண்டு. தொந்தியைக் குறைக்காது, சிலருக்குச் சர்க்கரையைச் சற்று ஏற்றும். ஆனால் மாரடைப்பைத் தடுப்பதில் அதன் பலன் மனிதர்களிடமே நிறுவப்பட்டது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்குத் தரும் 14 மாத்திரைகளில் 8 அடார்வாஸ்டாடின். அப்படிப்பட்ட மருந்தை எலியின் சாட்சியத்தை நம்பி ஒருவர் நிறுத்துவதுதான் என் பெருங்கவலை.

ஆவாரைக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் சோதனை நடக்கட்டும்: சோறு உண்ணும் மனிதர்கள், மாத்திரையை யாரும் நிறுத்தாமல், ஒரு பிரிவுக்கு மட்டும் குடிநீர், குறைந்தது ஓராண்டு. அதுவரை, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர், மாத்திரையோடு கஷாயத்தையும் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். கஷாயத்தில் சேரும் மிளகின் பைப்பரின் போன்றவை, உடல் சில மருந்துகளைக் கழிக்கும் வேகத்தைக் குறைக்கக்கூடியவை.