கவியரங்கும் திறந்த மேடையும்: ஒழுங்கமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

கவிதை அரங்குகளை மதிப்பிடுவோர் அங்கு வாசிக்கப்பட்ட கவிதைகளின் தரத்தையே பெரிதும் பேசுவர். அரங்கு எவ்வாறு ஒழுங்கு செய்யப்பட்டது என்பது விமர்சனத்திற்குரிய வினாவாகக் கொள்ளப்படுவதில்லை. ஆயின், யார் வாசிப்பது, எதை வாசிப்பது, வாசித்தபின் என்ன நிகழ்வது என்பவற்றை வகுக்கும் ஒழுங்கமைப்பு, கவிதையின் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஓரளவு முன்னரே தீர்மானித்து விடுகின்றது.

ஈழத்திற் செல்வாக்குப் பெற்ற கவியரங்கை முதலில் நோக்கலாம். பொதுத் தலைப்பொன்று கொடுக்கப்படும். தலைவர் கவிதையிலேயே கவிஞரை அழைப்பார். கவிஞர் தலைவரையும் அவையையும் விளித்த பின்னரே பொருளுக்கு வருவார். இவ்வமைப்பின் நன்மையை மறுத்தல் தகாது. மஹாகவியும் (1927–1971) இ. முருகையனும் (1935–2009) மரபு யாப்பினுட் பேச்சோசையைக் கொணர்ந்தமையைச் செவிவழிக் கவிதைச் சூழலினின்று பிரித்து நோக்குதல் கடினம். எனினும், கைதட்டலை எதிர்பார்த்து நிற்கும் வரியும், தலைப்பிற்காக வருவித்துக்கொண்ட உணர்ச்சியும் அதே அமைப்பின் விளைவுகளே. அத்தகைய கவிதை அனுபவத்திலிருந்தன்றி அழைப்பிதழிலிருந்து பிறக்கின்றது.

1980களில் யாழ்ப்பாணத்தில் நிகழ்த்தப்பட்ட ‘கவிதா நிகழ்வு’ வேறொரு பாதையைக் காட்டிற்று. முன்னரே எழுதப்பெற்ற கவிதைகள் தெரிந்தெடுக்கப்பட்டுப் பல குரல்களில் நிகழ்த்தப்பட்டன. தலைவருக்கான புகழுரை மறைந்தது; கவிதை முதன்மை பெற்றது. ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதி வெளிவந்த 1985ஆம் ஆண்டை ஒட்டிய அக்காலப்பகுதியில், அரசியற் கவிதை அச்சுக்கு வெளியேயும் மக்களைச் சந்திக்க இது வழிசெய்தது. ஆயினும், தெரிவும் பயிற்சியும் சிலர் கையிலேயே தங்கின. கேட்போர் கேட்போராகவே இருந்தனர்.

பெயர் கொடுத்த எவரும் வாசிக்கலாம் என்னும் இன்றைய திறந்த மேடை இவ்வெல்லையை உடைக்க முனைகின்றது. அழைப்பிதழில் என்றுமே பெயர் இடம்பெறாத தொழிலாளியும் இல்லத்தரசியும் மாணவரும் அதில் ஏறலாம். இதன் சனநாயக உள்ளடக்கம் பெரிது. ஆனால் தத்தம் முறைக்காகக் காத்திருப்போர் பிறர் கவிதையைக் கேட்பதில்லை. வாசித்தவர் எழுந்து சென்றுவிடுகிறார். வாய்ப்பு அனைவருக்கும் கிடைக்கின்றது, விமர்சனம் எவருக்கும் கிடைப்பதில்லை. 1986 முதல் சிக்காகோவின் கிரீன் மில் விடுதியில் மார்க் சிமித் நடத்திய கவிதைப் போட்டியரங்கில் அவையோரே மதிப்பெண் வழங்கினர். கேட்போருக்கு அது ஒரு பொறுப்பைத் தந்ததெனினும், மதிப்பெண் விமர்சனமாகாது. உடனடியாகக் கவரும் கவிதையையே அது ஊக்குவிக்கும்.

ஆகவே, ஒழுங்கமைப்போர் முன்னுள்ள பணி மேடையைத் திறந்துவிடுவதுடன் முடிவதில்லை. வாசிப்போர் தொகையைக் குறைத்து, கவிதையொன்றை இருமுறை வாசிக்கச் செய்து, பாதி நேரத்தையேனும் கலந்துரையாடலுக்கு ஒதுக்குதல் வேண்டும். நாளும் இடமுங்கூட அற்ப விடயங்களல்ல. கொழும்பில் வலம்புரி கவிதா வட்டம் பௌர்ணமி தினங்களிற் கவியரங்கு நடத்தியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. போயா பொது விடுமுறையாதலால் வேலைக்குச் செல்வோரும் வர இயலும். மாலை இருண்டபின் முடியும் கூட்டமோ, பேருந்து கிடைக்காத பெண்களை அறிவித்தல் எதுவுமின்றியே விலக்கிவிடுகின்றது.

யார் பேசினார் என்பதுடன், யார் வரமுடியவில்லை, யாருக்கு மறுமொழி கிடைத்தது என்பவற்றையும் கேட்கும்போதே கவிதை அரங்கு பற்றிய விமர்சனம் முழுமை பெறும்.