ரத்தமில்லாத சாவு

சூப்பர்ஹீரோ படங்கள் குழந்தைகளுக்கு ஏற்றவையா என்ற கேள்வியை நாம் பெற்றோரிடமும் தணிக்கை அதிகாரிகளிடமும் விட்டுவிட்டோம். இலக்கியம் பேசுகிறவர்களுக்கு இதில் என்ன வேலை என்ற மிதப்பு. ஆனால் ஒரு குழந்தை சாவைக் கற்பனையில் சந்திக்கும் முக்கியமான இடங்களில் ஒன்று இன்று இந்தப் படங்கள். ஒரு காலத்தில் பாட்டி கதையும் கூத்தும் இருந்த இடம் அது. எனவே இது விமர்சனத்தின் பிரச்னையும்தான்.

2013இல் 'மேன் ஆஃப் ஸ்டீல்' பார்க்க அக்கா மகனை அழைத்துப் போயிருந்தேன். அவனுக்கு அப்போது எட்டு வயது. கடைசிப் பகுதியில் சூப்பர்மேனும் ஸாடும் மோதிக்கொள்ள, மெட்ரோபோலிஸின் அடுக்குமாடிகள் வரிசையாகச் சரிகின்றன. பையன் என் பக்கம் குனிந்து, "உள்ள இருந்தவங்கல்லாம் முன்னாடியே வெளிய போயிட்டாங்களா மாமா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். பொய். ஆனால் அந்தப் பொய்யை என்னைச் சொல்லவைத்தது படம்தான். சரியும் கட்டடங்களை ஆசையோடு பார்க்கும் காமிரா அவற்றுக்குள் இருந்தவர்களைத் தேடிப் போவதில்லை. முடிவில் ஸாடின் கழுத்தை முறித்துவிட்டு சூப்பர்மேன் அலறுகிறான். சரிந்த கட்டடங்களுக்காக அவனிடம் அப்படி ஓர் அலறல் இல்லை. சில நிமிஷங்களில் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு பத்திரிகை ஆபீஸில் வேலைக்குச் சேர்கிறான். நகரம் துக்கம் காப்பதாகத் தெரியவில்லை.

இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் பிஜி-13. பிரிட்டனில் 12ஏ, அதாவது பெரியவர் துணையோடு எந்தக் குழந்தையும் பார்க்கலாம். பிஜி-13 என்ற பிரிவு உண்டானது 1984இல். ஸ்பீல்பெர்க்கின் 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்', அவர் தயாரிப்பில் பங்குகொண்ட 'கிரெம்லின்ஸ்' ஆகியவற்றின் கோரம் பெற்றோரைக் கலக்கியதன் விளைவு. எச்சரிக்கையாகப் பிறந்தது வியாபார சூத்திரமாக வளர்ந்தது. பிஜி-13 யாரையும் கொட்டகை வாசலில் தடுப்பதில்லை. அடுத்த படியான ஆர் தடுக்கும்: 17 வயதுக்குக் கீழே பெரியவர் துணையில்லாமல் அனுமதி இல்லை. கோடிக்கணக்கில் டாலர் போட்டவன் எதை விரும்புவான் என்று சொல்லவேண்டியதில்லை. அவன் ரத்தத்தைக் குறைத்தால் போதும், சாவைக் குறைக்கவேண்டியதில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்பதைவிட, எவ்வளவு ரத்தம் தெரிந்தது என்பதே கணக்கு.

நம் நாட்டு அளவுகோலும் உயர்ந்ததல்ல. 2023ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் 'யுஏ' பிரிவை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்தது. நல்ல காரியம் என்றே தோன்றியது. 2025இல் வந்த 'சூப்பர்மே'னில் இந்தியத் தணிக்கைக்கு உறுத்தியது முத்தம். 33 விநாடி போயிற்று. இடிந்து விழும் நகரம் அப்படியே இருந்தது.

இப்போது 'லோகன்' (2017). அமெரிக்காவில் ஆர், பிரிட்டனில் 15. ரத்தம் நிறைய. ஆனால் இதில் நாயகனின் காயங்கள் முன்போல ஆறுவதில்லை. ஒவ்வொரு கொலையும் அவனைக் கிழவனாக்குகிறது. படத்துக்குள்ளேயே வரும் காமிக்ஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நிஜத்தில் மனிதர்கள் சாகிறார்கள் என்று ஏளனம் செய்கிறான். ஆயுதமாக வளர்க்கப்பட்ட சிறுமியாக நடித்த டாஃப்னே கீன், படம் வெளிவந்தபோது பிரிட்டனில் ஒரு கொட்டகையில் அதைப் பார்த்திருக்க முடியாது, வயது போதாது. குழந்தைகளை 'லோகனு'க்கு அழைத்துப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. கோரம் கோரம்தான். சான்றிதழ் ஒன்றை அளக்கிறது, நமக்குத் தெரியவேண்டியது வேறொன்று என்பதுதான் விஷயம்.

தெரியவேண்டியது, அந்தப் படத்தில் சாவுக்கு எடை இருக்கிறதா என்பது. குழந்தைக்கு ஏற்ற விதத்திலேயே அந்த எடையைத் தரமுடியும். பிராட் பேர்டின் 'தி அயர்ன் ஜயண்ட்' (1999) அதற்கு சாட்சி. கவிஞர் டெட் ஹ்யூஸ் 1968இல் குழந்தைகளுக்காக எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்த கார்ட்டூன் படம். வசூலில் தோற்றது. 1957இல், ஸ்புட்னிக் பயத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில், ஹோகார்த் என்ற பையனிடம் வந்துசேர்கிறது ஓர் இரும்பு ராட்சதன். வேட்டைக்காரர்கள் சுட்ட மானைத் தொட்டு எழுப்பப் பார்க்கிறது. மான் எழுவதில்லை. சாவு என்றால் என்ன என்று பையன் அதற்குச் சொல்லவேண்டியிருக்கிறது. பெரியவன் குழந்தைக்குச் சொல்வது போய், குழந்தை ஒரு யந்திரத்துக்குச் சொல்கிறது. தானே ஓர் ஆயுதம் என்று பின்னால் தெரிந்துகொள்ளும் ராட்சதன், தான் துப்பாக்கியல்ல, சூப்பர்மேன் என்று தீர்மானித்து, ஊரைக் காக்க ஏவுகணையை எதிர்கொண்டு மேலே போகிறது. முடிவில் அதன் உடல் துண்டுகள் மீண்டும் கூடத் தொடங்குவது படம் செய்துகொள்ளும் சமரசம். ஆனாலும் அந்த மான் எழவில்லை. அது போதும்.

அடிதடி பார்த்தால் குழந்தைகள் அடிதடி பழகுவார்கள் என்ற வாதம் பழையது. ஃப்ரெட்ரிக் வெர்த்தாம் என்ற மனநல மருத்துவர் 1954இலேயே காமிக்ஸ் மேல் இதே குற்றத்தைச் சுமத்தினார். என் பயம் அதுவல்ல. பழகாமலே, யாரையும் அடிக்காமலே, சரியும் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு சோளப்பொரி தின்னும் ஒரு மனம் உருவாகிவிடும் என்பது.

அக்கா மகன் இப்போது இருபதைத் தாண்டிவிட்டான். அதன்பிறகு எத்தனையோ படங்கள் சேர்ந்து பார்த்தோம், எத்தனையோ நகரங்கள் சரிந்தன. உள்ளே இருந்தவர்களைப் பற்றி அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவனுக்குக் கற்றுத் தந்ததில் படத்துக்கு ஒரு பங்கு, என் 'ஆமா'முக்கு ஒரு பங்கு.