சக்கர வீட்டின் குளியற்கதவு

கதவைப் பற்றி எழுதப் புகுமுன், அது மாட்டப்பட்டிருந்த வாகனத்தின் குலங்கோத்திரத்தைச் சொல்லிவிடுவது முறை. வவுனியாவிலிருந்து கலியாண வீடுகளுக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்திற்கும் கணக்கற்ற தடவை வாடகைக்கு ஓடி, உடல் தளர்ந்த பின்னரும் இயந்திரத்தின் மூச்சு மாத்திரம் தளராதிருந்த ஒரு ரொயோட்டா ஹையேஸ் அது. நம்மவர் 'டொல்பின்' என்று அழைத்துப் பழகிவிட்ட வகை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டமையால், இடைப்பட்ட காலத்தில் பழைய வான் ஒன்றை இரும்புக்காரனுக்கு நிறுத்துக் கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? இதன் சொந்தக்காரர் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் பொருத்தி, பின்மூலையில் ஒரு குளியற்கூடும் அமைத்து, அதனை நடமாடும் வீடாக்கி வைத்திருந்தார். வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கென்று கனடாவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், அதனை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தார். பிடித்துக்கொண்டால் விலைக்கே வாங்கிவிடலாம் என்ற யோசனையும் அவருக்கு இருந்தது. வாகனங்களைப் பரீட்சித்து எழுதும் பழக்கம் எனக்குண்டாகையால், அபிப்பிராயம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கலாம். கட்டில் நன்று. அடுப்பு வீண், பத்து நிமிஷத்துக்கொரு தேநீர்க்கடை எதிர்ப்படும் தேசத்தில் வானுக்குள்ளே கேத்தில் கொதிக்க வைப்பவன் ஒன்றில் கஞ்சனாக இருக்க வேண்டும், அல்லது துறவியாக இருக்க வேண்டும். 60 லீற்றர்த் தாங்கியும் 12 வோல்ற் நீர்ப்பம்பியும் இருவர் சிக்கனமாகக் காலையும் மாலையும் குளிக்கப் போதுமானவை. கிணற்றடியில் நின்று வாளி வாளியாக அள்ளி வார்த்துப் பழகிய வன்னித் தேகத்திற்கு, ஊசித்துவாரங்களின் வழியே தூறும் சவர் நீர் ஸ்நானமாகவே தோன்றாதென்பது உண்மைதான். ஆயினும், நீராடாமல் அம்மன் வாசலை மிதிக்க மனம் ஒப்பாத ஒருவருக்கு, பொங்கல் நாளின் சனசமுத்திரத்தில் கிணறு தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே குளித்து உடுத்துக்கொள்ள முடிவது பெரிய சௌகரியமென்பதை நான் மறுக்கமாட்டேன்.

இனிக் கதவு. 1500 மில்லிமீற்றர் உயரமும் 600 மில்லிமீற்றர் அகலமும் 4 மில்லிமீற்றர் தடிப்புமுள்ள ஓர் அக்கிரிலிக் தகடு, மெல்லிய அலுமினியச் சட்டத்தினுள் ஆணிகளால் இறுக்கப்பட்டு, இரண்டு பிணைச்சல்களின் உதவியால் தொங்கியது. பிணைச்சல் ஒன்றுக்கு நான்கு ஆணிகள், ஆக எட்டு. அவற்றுட் பாதி சட்டத்திலும், மறுபாதி 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகைச் சுவரிலும் பாய்ந்திருந்தன. மறுபக்கத்தில் நாதாங்கிக்குப் பதிலாகக் காந்தத் துண்டொன்று வைக்கப்பட்டிருந்தது. சட்டத்தோடு சேர்த்து ஐந்தாறு கிலோ தேறும் கதவை, அலுமாரிக் கதவுக்குரிய ஒரு காந்தம் காவல் காத்தது.

முதல் நாள் வவுனியாவிலிருந்து முறிகண்டிவரை ஒரு சத்தமும் எழவில்லை. வழக்கப்படி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறியபோது, இந்த வேலைப்பாட்டைப் பற்றி என் மனத்தில் மரியாதைகூட உண்டாகியிருந்தது. ஏ-9 வீதி கொடுக்கும் நற்சாட்சிப் பத்திரத்தை நம்பி எவரும் எந்த வாகனத்தையும் வாங்கக்கூடாதென்பதை, கிளிநொச்சியில் திரும்பி இரணைமடுக் குளக்கட்டை நோக்கிக் கிறவல் வழியில் இறங்கிய சிறிது நேரத்திலேயே உணர்ந்தேன். பின்னாலிருந்து 'டக், டக்' என்று ஓர் ஓசை எழுந்தது. குழிக்குக் குழி அது உரத்து, குளக்கட்டில் நிறுத்திப் பார்த்தபோது, கீழ்ப்பிணைச்சலில் இரண்டு ஆணிகள் பாதி வெளியே வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. திருகுளியால் இறுக்கினோம். பரந்தனில் ஹாட்வெயார் கடையொன்றில் சுருள் வாசர்கள் வாங்கிப் போட்டு மறுபடியும் இறுக்கினோம். தர்மபுரம் கடக்குமுன் ஓசை திரும்பிவிட்டது.

"அங்கையும் இதே கதைதான், மச்சான்," என்றார் மைத்துனர். "லட்சக்கணக்கில் காசு குடுத்து வாங்கின வண்டியளிலையும் குளிக்கிற கதவுதான் முதல் ஆடும்."

விசுவமடுவில் தேநீருக்கு இறங்கியபோது, வானின் பின்கதவைத் திறந்து வைத்து நான் மூன்றாம் முறையாகத் திருகுளியோடு குனிந்திருப்பதை, கடை வாங்கில் அமர்ந்திருந்த வயோதிபர் ஒருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓடாவியாக இருந்தவராம். எழுந்து வந்து கதவை ஒரு விரலால் தள்ளினார். அது காந்தத்தை விட்டு விலகிப் போய்த் திரும்பி வந்து மோதியது.

"பிணைச்சலை ஏன் தம்பி போட்டு முறுக்கிறியள்? கதவு ஆடுதெல்லே, அந்த ஆட்டத்தை நிப்பாட்டுங்கோ. நாங்கள் இடம்பெயரேக்கை கதவைக் கழட்டி, றக்ரர்ப் பெட்டியிலை படுக்க வைச்சு, கயித்தாலை இறுக்கிக் கட்டித்தான் கொண்டு போனாங்கள். ஆட விட்டால் நிலையும் மிஞ்சாது, கதவும் மிஞ்சாது."

1885ஆம் ஆண்டிலே கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்னும் ஸ்கொற்லாந்து வைத்தியர் 'வாண்டரர்' என்ற குதிரைவண்டி வீட்டைச் செய்வித்து உல்லாசமாக ஊர் சுற்றியதை, பொழுதுபோக்கு வண்டிவீடுகளின் ஆதியாக மேல்நாட்டார் கொண்டாடுவர். 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிளிநொச்சியிலிருந்து இதே பரந்தன் - முல்லைத்தீவு வீதி வழியே, கூரைத் தகடும் கதவும் யன்னலுமாக வீட்டையே கழற்றி உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நகர்ந்த குடும்பங்களுக்கு அந்த உல்லாசம் வாய்க்கவில்லை. ஆனால் ஓடும் வண்டியில் ஒரு கதவு எப்படி நடந்துகொள்ளும் என்னும் சாஸ்திரத்தில் அவர்களுக்குள்ள அறிவு, எமது வானை அமைத்த கராஜ்காரருக்கு இருக்கவில்லை. எனக்கும் அன்று இருக்கவில்லை. பெரியவர் சொன்னதைத் தலையசைத்துக் கேட்டுவிட்டு, ஆணிகளையே இன்னும் ஒரு சுற்று முறுக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

அதன் பலன் மறுநாளே தெரிந்தது. இரவு முல்லைத்தீவுக் கடற்கரையில் தங்கி, அடுத்த நாள் வற்றாப்பளையில் பொங்கல் முடியும்வரை வானை வெயிலில் விட்டிருந்தோம். மத்தியானம் திறந்தபோது, காலையில் சுகமாக மூடிய கதவு சட்டத்துக்குள்ளேயே வில்போல் வளைந்து, கீழே உராய்ந்து நின்றது. காரணம் எளிது. முப்பது பாகை உஷ்ணம் ஏறினால், 1500 மில்லிமீற்றர் அக்கிரிலிக் 3 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக நீளும். அதே அளவுள்ள அலுமினியமோ 1 மில்லிமீற்றரளவே நீளும். மிச்சமாகும் 2 மில்லிமீற்றர் போவதற்கு இடம் வேண்டும். ஆணியின் தடிப்புக்குச் சரியாகத் துளையிட்டு, அதற்கும் மேலாக நான் முறுக்கி இறுக்கியும் வைத்த தகட்டுக்குப் போக்கிடம் ஏது? இரண்டு துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் தோன்றியிருந்தன. அங்கிருந்து ஒட்டுசுட்டான் வந்து, முத்தையன்கட்டுக் குளத்தைப் பார்க்கும் ஆசையில் மறுபடியும் கிறவலில் இறங்கினோம். பாதிவழியில் கீழ்ப்பிணைச்சல் ஒட்டுப்பலகையின் சிராய்களையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக வவுனியா சேரும்வரை மைத்துனர் கட்டிலில் அமர்ந்து கதவை ஒரு காலால் உதைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்தத் தூரம் முழுவதும் கதவு சத்தம் போடவில்லை என்பதை நான் கவனித்தேன். பெரியவரின் வார்த்தை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

புரியாணி ஏன் தளர்கிறது என்பதை 1969ஆம் ஆண்டிலே ஜேர்மனியப் பொறியியலாளர் கெர்ஹார்ட் யுங்கர் பரிசோதனையால் விளக்கியிருக்கிறார். ஆணியின் நீளப்போக்கில் இழுக்கும் அதிர்வைக் காட்டிலும், பக்கவாட்டில் உலுப்பும் அதிர்வே அதனை வெகு சீக்கிரம் கழற்றிவிடும். அத்தகைய உலுப்பலுக்கு முன் சுருள் வாசர் பெரிதாக உதவாதென்பதும் அதே பரிசோதனை காட்டிய உண்மை. பரந்தனில் நாம் வாங்கிய வாசர்களின் கதி அதுதான். காந்தத்தை விட்டு விலகி விலகி மோதும் கதவு, ஒவ்வொரு மோதலிலும் பிணைச்சலின் ஆணிகளைப் பக்கவாட்டில் உலுப்பிற்று. தளர்ந்தது பிணைச்சல்; குற்றவாளி எதிர்ப்பக்கத்துக் காந்தம்.

சொந்தக்காரரின் அனுமதியோடு, வவுனியாவில் நானும் மைத்துனரும் ஒரு பகல் முழுவதும் செலவிட்டுச் செய்த திருத்தம் இது. முதலில் காந்தத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, படகுப் பெட்டிகளில் இருப்பதுபோல் இழுத்துப் பூட்டும் கொக்கி நாதாங்கியை மேலொன்றும் கீழொன்றுமாகப் பொருத்தி, சட்டம் வந்து பதியும் இடத்தில் றபர்ப் பட்டி ஒட்டினோம். பூட்டினால் கதவு அந்த றபரைச் சற்று நசுக்கிக்கொண்டு அசையாது நிற்க வேண்டும். அடுத்து, பிணைச்சல்கள் இருந்த இடத்தில் சிராய்த்துப்போன பலகைத் துளைகளுக்கு நெருப்புக் குச்சியும் பசையும் திணிக்கும் வீட்டு வைத்தியத்தைக் கைவிட்டு, சுவரின் பின்புறத்தில் 3 மில்லிமீற்றர் அலுமினியப் பட்டையொன்றை வைத்து, 5 மில்லிமீற்றர்த் துருவேறா உருக்குப் போல்ற்களை ஊடுருவச் செலுத்தி, நைலோன் வளையமுள்ள நட்டுகளால் பூட்டினோம். அக்கிரிலிக் தகட்டில் புதிய துளைகளை 7 மில்லிமீற்றராகப் பெருப்பித்து, றபர் வாசர் கொடுத்து, தகடு நழுவி அசையுமளவுக்கு மாத்திரமே இறுக்கினோம். பிணைச்சல் அசையக்கூடாது, தகடு அசைய வேண்டும்: இந்த வித்தியாசத்தை விளங்காதவர் கையில் திருகுளி கொடுப்பது, பிள்ளை கையில் கத்தி கொடுப்பதற்குச் சமானம்.

புரிப்பசையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் வேர்ணன் கிரீபிள் என்னும் பேராசிரியர் 1953இல் உருவாக்கி, பின்னர் 'லொக்டைற்' என்ற பெயரோடு அறிமுகப்படுத்திய இவ்வகைப் பசை, காற்றுப் புகாத இடத்தில் உலோகத்தைத் தொட்டதும் இறுகும் சுபாவமுடையது. நீல நிறத்ததைச் சாதாரண ஆயுதங்களால் கழற்றலாம், சிவப்பைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும். உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் அது அருமையான பொருள். ஆனால் அக்கிரிலிக்கில் ஒரு துளி வழிந்தாலும், இறுக்கத்திலிருக்கும் தகடு நுண்ணிய வெடிப்புகளாகச் சிதைந்துவிடும். ஆகையால் இந்தக் கதவில் அதை நான் எங்குமே தொடவில்லை. சிலிக்கனிலும் காடி மணம் வீசும் மலிவு வகை உலோகத்தை அரிக்கும். மணமற்ற நடுநிலை வகையைக் கேட்டு வாங்கி, ஒரு முழு நாள் காயவிட்ட பின்னரே நீர் படவிட வேண்டும்.

முல்லைத்தீவின் உப்புக் காற்றில் துருவேறா உருக்கு ஆணி தப்பும், அதைத் தாங்கும் அலுமினியம் தப்பாது. இரண்டும் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், அலுமினியமே வெண்பொடியாக உதிர்ந்து ஆணிக்குப் பிடிப்பில்லாமற் செய்துவிடும். பழைய ஆணிகளின் அடியில் அந்த வெண்பொடி இருந்தது. இப்போது நைலோன் வாசர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. தகட்டிற் படிந்திருந்த வெண்திரை வேறு சங்கதி. அது வவுனியாக் கிணறுகளின் வன்னீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு. பாதித் தேசிக்காயால் தேய்த்துக் கழுவ மறைந்தது.

வாகனத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் வருமாறு. இயந்திரமும் கட்டிலும் நீர்ப்பம்பியும் கேட்ட விலைக்குத் தகும். குளியற்கூட்டின் வேலைப்பாடு தகாது. விலை பேசும்போது அதற்காக ஒரு தொகையைத் துணிந்து குறைக்கச் சொல்லலாம். இத்தகைய வான் ஒன்றை வாங்க நினைப்பவர், கதவைப் பூட்டிவிட்டு உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கட்டும். சத்தம் வந்தால், பின்சுவரில் பட்டை வைத்திருக்கிறதா என்று கேட்கட்டும். விற்பவர் விழித்தால், கதவே வேண்டாமென்று கழற்றிக் கொடுத்துவிட்டு நல்ல தடித்த பிளாஸ்ரிக் திரைச்சீலையொன்றைத் தொங்கவிடட்டும். திரைச்சீலைக்கு ஆணி தளரும் வியாதி கிடையாது. நாங்கள் அதைச் செய்யாததற்குக் காரணம், கதவைத் தோற்கடித்தே தீருவதென்று மைத்துனர் பிடித்த பிடிவாதந்தான்.

திருத்திய பின் ஒவ்வொரு போல்ற்றின் தலையிலும் தொடங்கிப் பிணைச்சலில் முடியும்படி, மைத்துனரின் மனைவியிடம் சிவப்புக் கியூட்டெக்ஸ் வாங்கி ஒரு கோடு இழுத்து வைத்தோம். ஆணி திரும்பினால் கோடு முறியும். அதே பாதையில், இரணைமடுவும் முத்தையன்கட்டும் உட்பட, 200 கிலோமீற்றருக்கு மேல் மறுபடியும் ஓட்டி வந்து பார்த்தபோது, எட்டுக் கோடுகளில் ஏழு முறியாமல் இருந்தன. கீழ்ப்பிணைச்சலின் உட்பக்கத்து ஆணியொன்று மாத்திரம் நெல்மணியளவு திரும்பியிருந்தது.