ஆற்காட்டு யானை

இங்கிலாந்தின் பழைய குடும்பங்கள் வாசலிலும் கல்லறையிலும் வெள்ளித் தட்டிலும் பொறித்துவைக்கும் கேடயச் சின்னத்தை நாம் படம் என்று நினைக்கிறோம். அடிப்படையில் அது ஒரு வாசகம். நார்மன் பிரெஞ்சுச் சொற்கள் கலந்த, இலக்கணம் இறுக்கமான ஒரு வரி. அந்த வரியைக் கொடுத்தால் எந்த ஓவியனும் அதே சின்னத்தை வரைந்துவிடலாம். கோட்டின் தடிமனும் சிங்கத்தின் முகபாவமும் மாறலாம், சின்னம் மாறாது. என்னைப் போல கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது உடனே பிடித்துப்போகும். வரிதான் மூலம், படம் அதன் அவுட்புட்.

ராபர்ட் கிளைவின் குடும்பத்துக்கான வரி எளிமையானது. வெள்ளித் தளம், குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை, பட்டையில் மூன்று பொன் நட்சத்திரங்கள். ஷ்ராப்ஷயரில், மார்க்கெட் டிரேட்டனுக்குப் பக்கத்தில், ஸ்டைச் என்ற சுமாரான பண்ணையை வைத்திருந்த குடும்பம் அது. நம்ம ஊர்க் கணக்கில் மிராசுதார் என்று சொல்லலாம், பெரிய மிராசு இல்லை. ஆனால் கிளைவ் வழியில் வந்த போவிஸ் பிரபுக்களின் முழுச் சின்னத்தைப் பார்த்தால் கேடயத்தை இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு இரண்டு மிருகங்கள் நிற்கின்றன. ஒரு பக்கம் கிரிஃபின், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கற்பனை விலங்கு. மறுபக்கம் யானை.

பட்டையும் நட்சத்திரமும் ஷ்ராப்ஷயர். யானை எங்கிருந்து வந்தது? சின்னம் வழங்கிய அதிகாரிகள் பொதுவாக இந்தியா என்று நினைத்திருப்பார்கள். நான் அதை ஆற்காட்டு யானையாகவே வாசிக்கிறேன். அப்படி வாசிக்கத் தூண்டியது மெக்காலே.

மெக்காலே 1840-இல் எடின்பரோ ரிவ்யூவில் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையை இன்றைக்கும் படிக்கலாம். வேகம் குறையாத நடை. அதில் ஆற்காட்டு முற்றுகைதான் உச்சம். 1751-இல் சந்தா சாகிபின் கை ஓங்கியிருந்தது, திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி முடங்கியிருந்தார். சென்னையிலிருந்து 200 ஐரோப்பியர்களையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு போன கிளைவ் ஆற்காட்டுக் கோட்டையைச் சண்டையே இல்லாமல் பிடித்தார். பிறகு சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப் வந்து ஐம்பது நாள் முற்றுகையிட்டார். கடைசித் தாக்குதல் முஹர்ரம் துக்க நாளில் நடந்தது. நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை இடிக்க முன்னால் ஓட்டினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டதும் அந்த யானைகள் திரும்பி, தங்களை ஓட்டிவந்த கூட்டத்தையே மிதித்தன. எதிரியின் யானை நமக்காக வேலை செய்தது என்பதை இதைவிட நேராகச் சின்னத்தில் போட முடியாது.

சரி, கட்டுரைக்கு வருவோம். மெக்காலே கிளைவின் பூர்வீகத்தை முதலிலேயே முடித்துவிடுகிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து அதே இடத்தில் இருந்த குடும்பம், சொத்து பெரிதாக இல்லை, அவ்வளவுதான். அடுத்தது குறும்புக்காரப் பையன், அடங்காத பிள்ளை, சென்னையில் கணக்கெழுத வந்த குமாஸ்தா. வம்சத்தால் வராத பெருமை, தானே சம்பாதித்தது என்பது கட்டுரையின் தொனி. இதை நவீனப் பார்வை என்று பாராட்டுவது வழக்கம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. முன்கதவு வழியாக அனுப்பிய வம்சாவளியை மெக்காலே பின்கதவு வழியாக உள்ளே கொண்டுவருகிறார். ஆற்காட்டுச் சிப்பாய்கள் சீசரின் பத்தாம் படையணிக்கும் நெப்போலியனின் காவல்படைக்கும் மேல். இள வயதில் படை நடத்தியதற்கு ஒப்பீடு அலெக்சாண்டர். கடைசியில் ரோம வெற்றி வீரர்கள், டிராஜன், பிரான்சின் துர்கோ, அப்புறம் பென்டிங்க். பெயர்களை மேலிருந்து கீழாக எழுதி கோடு இழுத்துப்பாருங்கள், குடும்ப மரம் ஒன்று கிடைக்கும். ரத்தத்தால் வராதது, தத்தெடுப்பால் வந்தது. அந்த மரத்தின் அடியில் ஆற்காடு இருக்கிறது, நுனியில் மெக்காலே வாழ்ந்த சாம்ராஜ்யம். மூதாதையர்களை வேண்டியபடி தேர்ந்தெடுத்துக்கொள்வதுதானே வம்சாவளி எழுதுகிறவர்கள் எப்போதும் செய்தது?

இதே காலகட்டத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்லும் நூல் துஸக்-இ-வாலாஜாஹி. முகமது அலி வாலாஜாவின் ஆதரவில் புர்ஹான் இப்னு ஹசன் பாரசீக மொழியில் எழுதியது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக முகமது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், 1930-களில் வெளிவந்தது. இதை எடுக்கிறவர்கள் ஆரம்பத்திலேயே சலித்து வைத்துவிடுவார்கள். ஏனென்றால் வம்சாவளி. நவாபின் குடும்பம் அவத் பக்கத்துக் கோபாமாவ் ஊரிலிருந்து வந்தது; அங்கிருந்து பின்னோக்கிப் போனால் இரண்டாம் கலீஃபா உமர் வரைக்கும் கோடு நீள்கிறது.

ஏன் இவ்வளவு தேவைப்பட்டது? காரணம் ஆம்பூரில் இருக்கிறது. முகமது அலியின் தந்தை அன்வருதீன் கான் ஆற்காட்டுக்கு வெளியாள். அவருக்கு முன் ஆண்டது நவாயத் குடும்பம், சாதத்துல்லா கான் காலத்திலிருந்து இங்கே வேர்விட்டது. 1740-இல் தோஸ்த் அலி போரில் இறந்தார், 1742-இல் சப்தர் அலி வேலூரில் கொல்லப்பட்டார், 1744-இல் அவருடைய மகனான சிறுவனும் ஆற்காட்டில் குத்திக் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகு நிஜாம் ஆளை அனுப்பிப் பதவியில் வைத்தவர் அன்வருதீன். 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் அவரும் விழுந்தார். இன்றைக்கு ஷூ கம்பெனிகளும் பிரியாணிக் கடைகளும் இருக்கும் அதே ஆம்பூர். இப்படிப்பட்ட நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஐந்து வருட உரிமை போதாது, ஆயிரம் வருட உரிமை வேண்டும். புர்ஹான் எழுதியது முகஸ்துதிதான், மறுக்கவில்லை. ஆனால் அது பயத்தில் பிறந்த முகஸ்துதி. அதனால் மெக்காலேவைவிட வெளிப்படையானது. எனக்கு ஏன் இந்த வம்சாவளி வேண்டும் என்பதை அது மறைக்கவில்லை. அதில் ஆங்கிலேயர்கள் நவாபுக்கு உதவிசெய்ய வந்தவர்கள், கதாநாயகர்கள் இல்லை. ஆற்காட்டுக்குப் படை அனுப்பும் யோசனை கிளைவுடையதா, முகமது அலியுடையதா என்ற கேள்விக்கு வரலாற்று நூல்களில் இரண்டு பதிலும் உண்டு. மெக்காலேவுக்கு ஒரு பதில்தான்.

கலீஃபா உமர் வரை போகிறதே என்று சிரிக்கிறவர்கள் இங்கிலாந்துப் பக்கம் பார்க்க வேண்டும். அங்கே 1484-இல் ஏற்பட்ட சின்னக் கல்லூரியின் அதிகாரிகள், 1530-லிருந்து 1680-கள் வரை மாவட்டம் மாவட்டமாகப் போய் சின்னம் வைத்திருப்பவர்களின் அத்தாட்சியைச் சோதித்தார்கள். தகுதியில்லாதவர் என்று முடிவானால் அதை ஊரறிய அறிவிப்பார்கள். சாதிச் சான்றிதழுக்கு ஆர்.ஐ. விசாரணைக்கு வருவது மாதிரி, என்ன, இது மேலே ஏறுவதற்கு. இவ்வளவு சோதனைக்குப் பிறகும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் பர்க் தொகுத்த பிரபுக்கள், நிலக்கிழார்கள் பட்டியல்களில் நார்மன் படையெடுப்போடு வந்த முன்னோர்கள் ஏராளமாக முளைத்தார்கள். ஃப்ரீமன் என்ற வரலாற்றாசிரியர் அதைக் கிழித்தெழுதினார், அவருக்குப் பின் ஹொரேஸ் ரவுண்ட் அதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார். நம்மிடமும் திருவாலங்காட்டுச் செப்பேடு இருக்கிறது: முத்திரையில் புலி, இரண்டு மீன், வில், உள்ளே சோழர் வம்சம் சூரியனிலிருந்து தொடங்குகிறது. சூரியனோடு ஒப்பிட்டால் உமர் பக்கத்து வீட்டுக்காரர்.

கிளைவ் இரண்டு முறையிலும் வம்சம் தேடினார் என்பதுதான் வேடிக்கை. மொகலாயப் பட்டம் வாங்கினார். பட்டத்துக்கு ஏற்ற ஜாகிர் இல்லையே என்று குறைப்பட்டு, 1759-இல் மீர் ஜாஃபரிடமிருந்து ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுண்டு வரும் ஜாகிரையும் வாங்கினார். இங்கிலாந்தில் அவருக்குக் கிடைத்தது அயர்லாந்துப் பிரபு பட்டம் மட்டும், 1762-இல். பிரபு பட்டத்துக்கு ஒரு ஊர்ப்பெயர் வேண்டும். அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் நிலம் வாங்கி அதற்குப் பிளாசி என்று பெயர் வைத்துவிட்டார்! இன்று லிமரிக் பல்கலைக்கழகம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வங்காளத்து மாந்தோப்பின் பெயர் ஷானன் ஆற்றங்கரையில். ஆற்காட்டில் நவாபைப் பதவியில் வைத்தவரை லண்டனில் ‘நாபாப்’ என்று கிண்டல் செய்தார்கள். 1772-இல் சாமுவேல் ஃபூட் அதே பெயரில் நாடகமே போட்டார்.

இந்தக் கதையின் கூரான இடம் மகன் காலத்தில் வருகிறது. மெக்காலே இதற்குள் போகவில்லை. கிளைவின் மகன் எட்வர்ட் 1798-இல் சென்னை கவர்னராக வந்தார். 1801 ஜூலையில் நவாப் உம்தத்-உல்-உமரா இறந்ததும், கம்பெனியின் நிபந்தனைகளை அவர் மகன் ஏற்க மறுத்தார். அவரை ஒதுக்கிவிட்டு அசீம்-உத்-தௌலாவோடு ஒப்பந்தம் போட்டு, கர்நாடகத்தின் ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1751-இல் முகமது அலியை நவாபாக்க அப்பா ஆற்காட்டில் உட்கார்ந்தார். சரியாக ஐம்பது வருடத்தில் முகமது அலியின் பேரனை வெளியே அனுப்பியது மகன். அந்த மகன் போவிஸ் பிரபு குடும்பத்தில் பெண் எடுத்திருந்தார், 1804-இல் அந்தப் பட்டமும் அவருக்கே புதிதாக வந்தது. பேரன் 1807-இல் கிளைவ் என்ற குடும்பப் பெயரை விட்டுவிட்டு, தாய்வழிப் பெயரான ஹெர்பர்ட்டை எடுத்துக்கொண்டார். பழைய பெயருக்கு மதிப்பு அதிகம். யானை மட்டும் நின்றது.

வாலாஜா பக்கமும் ஒரு காகிதத்தில்தான் முடிந்தது. 1855-இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறக்க, டல்ஹவுசி பதவியையே ஒழித்தார். 1867-இல் விக்டோரியா அரசி அசீம் ஜாவுக்கு ஆற்காடு இளவரசர் என்ற பட்டத்தை வழங்கினார். 1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தபோதும் அந்தப் பட்டம் தொடர்ந்தது, ராயப்பேட்டை அமீர் மகாலில் இன்றும் தொடர்கிறது. புர்ஹான் இழுத்த ஆயிரம் வருடக் கோட்டைச் சட்டம் கேட்கவில்லை. அரசியின் சாசனம் போதுமானதாக இருந்தது.

அந்த மாதிரிச் சாசனங்களை எழுதுவது கன்றுத் தோலில். சுண்ணாம்பில் ஊறவைத்து, சுரண்டி, இழுத்துக் கட்டிக் காயவைத்த தோல், பதனிடாதது. பதனிட்ட தோல் பாலாற்றங்கரை வேலை. வேலூர், ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஆவாரம்பட்டையில் பதனிட்டுச் சென்னைத் துறைமுகம் வழியாகப் போன ஆட்டுத்தோலுக்கு லண்டன் சந்தையில் ‘பெர்ஷியன்’ என்று பெயர். புத்தக அட்டைகளுக்கும் அது போனது. தோலுக்கே பொய்யான வம்சாவளி! குடும்ப வரலாறுகளுக்கும் அதே தோலில் அட்டை போட்டிருக்கலாம், அதில் ஆச்சரியமில்லை. அந்தத் தோலைத் தொட்டியில் மிதித்தவர்களுக்கு எந்த நூலிலும் வரியில்லை.

மெக்காலே கட்டுரையில் ஒரு இடம் உண்டு. கோட்டைக்குள் அரிசி தீர்ந்துகொண்டிருந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். சீசரின் படையைவிட உயர்வு என்று அவர் சொன்னது இவர்களைத்தான். கட்டுரையில் ராஜா சாகிபுக்குப் பெயர் உண்டு, உதவிக்கு வந்த மராட்டியர் முராரி ராவுக்குப் பெயர் உண்டு. கஞ்சி கேட்டவர்களில் ஒருவருக்கும் இல்லை. புர்ஹானைப் புரட்டினாலும் இவர்களைத் தேட வழியில்லை, அது நவாபின் வீட்டுக் கதை. கடைசித் தாக்குதலின்போது உயிரோடு மிஞ்சியிருந்த சிப்பாய்கள் 200 பேர் என்ற எண்ணிக்கை மட்டும் நமக்கு இருக்கிறது.