ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்

அம்மா போன பிறகு ஆம்பூரில் தனியாக இருந்த நைனா, சென்னைக்கு வந்து எங்களோடு தங்கச் சம்மதித்தபோது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். சைக்கிளும் வரும். முப்பது வருஷத்துக்கு மேல் டேனரிக்கு அதில்தான் போய் வந்தார். பார் வைத்த பழைய சைக்கிள், பின்னால் அகலமான கேரியர். தெரிந்தவர் ஒருவர் லாரியில் ஏற்றி அனுப்பினார். சைக்கிள் வந்த அன்று எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் அதை எங்கே நிறுத்துவது என்று ஒரு சின்ன பஞ்சாயத்தே நடந்தது.

நைனா பதினோரு நாள் இருந்தார். திருவான்மியூரில் எங்கள் வீட்டிலிருந்து கடல் ஒரு கிலோமீட்டர்தான். இடையில் ஈ.சி.ஆர். அந்தச் சாலையை சைக்கிளோடு கடக்க முதல் நாள் அவருக்கு இருபது நிமிஷம் ஆனது. மூன்றாம் நாள் ஒரு கார் கண்ணாடி கையில் இடித்தது. ஐந்தாம் நாளிலிருந்து நான் காரில் கூட்டிப் போனேன். பன்னிரண்டாம் நாள் சாயந்திரம் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடும்போது சொன்னார்: "இன்னாடா ஊரு இது. கடலப் பாக்குறதுக்கே காரு வேணும்ன்றீங்க."

சொன்னதில் கோபம் இல்லை. அதனால்தான் அதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. நாம் சைக்கிளைப் பற்றியும் நகரத்தைப் பற்றியும் பேசும் விதத்தில் எங்கேயோ ஒரு ஆளைத் தொலைத்துவிட்டோம் என்று தோன்றியது. இந்தக் கட்டுரை அந்த ஆளைத் தேடுவதற்காக.

தமிழில் சைக்கிளுக்கு இப்போது இரண்டு பிம்பங்கள்தான் மிச்சம். ஒன்று ஞாபகம். இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை.

ஞாபகத்தை முதலில் பார்ப்போம். 2024இல் வந்த கமலக்கண்ணனின் ‘குரங்கு பெடல்’ எனக்குப் பிடித்த படம். ராசி அழகப்பனின் சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்டது. கோடை விடுமுறையில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டக் கற்றுக்கொள்ளத் துடிக்கும் பையன். சைக்கிளே ஓட்டத் தெரியாமல் எங்கேயும் நடந்தே போகும் அப்பா. அந்த அப்பாவாக வரும் காளி வெங்கட்டின் முகத்தில் இருக்கும் கூச்சம் ரொம்ப நிஜமானது. ஊர்க் கிண்டலுக்குப் பழகிப்போன ஒரு மனுஷன், மகன் முன்னால் மட்டும் பழகிக்கொள்ள முடியாமல் தவிப்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது.

என் புகார் வேறு. படம் எண்பதுகளில் நடக்கிறது. சாலை காலியாக இருக்கிறது. சைக்கிள் அங்கே பத்திரமாக முடிந்துபோன ஒரு பொருள். பார்த்துக் கண்கலங்கியவர்கள் வெளியே வந்து பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டு போனோம். இதில் படத்தின் தவறு கொஞ்சம்தான், நம்முடையதுதான் அதிகம். ‘குரங்கு பெடல் போட்ட காலம்’ என்று தொடங்கும் எத்தனை பதிவுகளை நாமே எழுதியிருக்கிறோம்? அந்த ‘காலம்’ என்ற சொல்தான் பிரச்சினை. என் நைனாவுக்கு அது காலம் கிடையாது. இன்றைக்குக் காலையில் கடைக்குப் போக எடுத்த வண்டி.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. 2014இல் பெசன்ட் நகரில் ஞாயிறு காலைகளில் கார்களை நிறுத்திவிட்டுத் தெருவைக் குழந்தைகளுக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்டார்கள். நான் போயிருக்கிறேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு தெரு என்னவாக இருக்க முடியும் என்று சிலருக்காவது அது காட்டியது. இன்றும் விடிகாலை ஈ.சி.ஆரில் ஹெல்மெட்டும் பளபளக்கும் உடைகளுமாகக் கூட்டமாகப் போகிறவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அவர்களைத்தான் நாம் ‘சைக்கிளிஸ்ட்’ என்கிறோம். அதே சாலையில் ராத்திரி பத்து மணிக்கு டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவரையும், ஷிஃப்ட் முடிந்து போகும் வாட்ச்மேனையும், ஓ.எம்.ஆர். கட்டட வேலையிலிருந்து திரும்பும் வடமாநிலத் தொழிலாளியையும் அந்தச் சொல்லால் யாரும் அழைப்பதில்லை. நகரத்தில் வேலைக்காக சைக்கிள் ஓட்டுகிறவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய சைக்கிளில் பின்விளக்குகூட இருப்பதில்லை.

சினிமாவில் இந்த ஆளைப் பார்த்தவர் விட்டோரியோ டி சிகா. 1948இல் வந்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தில் சைக்கிள் ஞாபகமும் இல்லை, உடற்பயிற்சியும் இல்லை. வேலை. சுவரொட்டி ஒட்டும் வேலைக்கு சைக்கிள் வேண்டும்; அடகில் இருக்கும் சைக்கிளை மீட்கப் படுக்கை விரிப்புகள் அடகுக்குப் போகின்றன. இதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பல வருஷம் கவனிக்காமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. படத்தின் பிற்பகுதியில் சிறுவன் ப்ரூனோ தெருவைக் கடக்கும்போது கார்களில் அடிபடாமல் மயிரிழையில் தப்புகிறான். அப்பா திரும்பிப் பார்ப்பதே இல்லை. திருட்டுப்போன சைக்கிளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

முதல்முறை பார்த்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அந்தக் காட்சி கண்ணில் படவே இல்லை. போன மாதம் மறுபடி பார்த்தபோது படத்தை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தூங்கும் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன். வாழப் போராடும் குடும்பத்துக்கு நகரத் தெரு என்ன செய்யும் என்பதை டி சிகா சில நொடிகளில் சொல்லிவிட்டுப் போகிறார், இசையைக்கூடக் கூட்டாமல்.

எழுத்தில் அதே ஆளைப் பார்த்தவர் பி. சாய்நாத். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். சாய்நாத் அதை எழுதியபோது அந்தப் பெண்களின் சைக்கிளை அழகான காட்சியாக மட்டும் வைக்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், சுமந்து போகும் விளைபொருள், அப்பாவையோ அண்ணனையோ கெஞ்ச வேண்டாத நிலை என்று கணக்குப் போட்டார். 1996இல் வந்த ‘எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்’ நூலில் அது இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களின் சைக்கிளைப் பற்றி நான் படித்த நல்ல கட்டுரை ஆங்கிலத்தில் இருப்பது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்த இடத்தில் ஆம்பூரைப் புனிதமாக்கிவிடக் கூடாது. எங்கள் ஊரில் சைக்கிள் உண்டு, சைக்கிளுக்கான சாலை கிடையாது. சென்னை பெங்களூரு நெடுஞ்சாலை ஊரின் நடுவே போகிறது. ஷூ கம்பெனி ஷிஃப்ட் விடும் நேரத்தில் அதைக் கடப்பது ஒரு தனி வித்தை. பாலாற்றையே காப்பாற்ற முடியாத பகுதி இது. தோல் கழிவுநீர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது இந்த ஆற்றை முன்னிட்டுத்தான். அப்படிப்பட்ட ஊரிடம் சைக்கிள் பாதை எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் சிக்கல். பதினோராம் வகுப்பில் அரசு சைக்கிள் கொடுக்கிறது. காலையில் எங்கள் தெருவில் இரட்டைப் பின்னலும் சைக்கிளுமாகப் பிள்ளைகள் போவது இன்றும் அழகுதான். பன்னிரண்டாவது முடிந்ததும் அவர்களில் பலர் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். கம்பெனி வேன் தெருமுனைக்கு வருகிறது. சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்துவிடுகிறது. வேன் பாதுகாப்பு, வசதி, எல்லாம் சரி. ஆனால் வேன் போகும் இடத்துக்கும் நேரத்துக்கும்தான் போக முடியும். புதுக்கோட்டைப் பெண்கள் அன்றைக்குச் சம்பாதித்தது வேறு ஒன்று, நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போவது. அது எங்கள் ஊரில் இரண்டு வருஷத்துக்கு மட்டும் கிடைக்கிறது.

சென்னையில் நிலைமை தலைகீழ். காகிதத்தில் இந்த நகரம் முன்னோடி. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று மாநகராட்சி 2014லேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. 2019இல் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதையில் குழந்தை ஓடுவதையும் வயதானவர்கள் உட்கார்ந்து பேசுவதையும் பார்த்தால் மனசு நிறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ச் சேருவதற்கு? எனக்குத் தெரிந்த குடும்பங்கள் காரிலோ பைக்கிலோ போய், நிறுத்த இடம் தேடி, அப்புறம் நடக்கிறார்கள். நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் இந்த நகரத்தில் போய் அனுபவித்துவிட்டு வரும் இடங்களாகிவிட்டன, தீம் பார்க் மாதிரி. இத்தனைக்கும் சென்னை மேடு பள்ளமில்லாத தட்டையான ஊர். ஜவ்வாது மலையோரத்திலிருந்து வந்தவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதற்கு ‘நம்ம ஊர் என்ன ஆம்ஸ்டர்டாமா?’ என்று ஒரு பதில் தயாராக இருக்கும். ஆம்ஸ்டர்டாமும் அப்படிப் பிறக்கவில்லை. நெதர்லாந்தில் 1971ஆம் ஆண்டு மட்டும் சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அப்போது எழுந்த இயக்கத்தின் பெயர் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களும் பயந்தவர்களும் தெருவில் இறங்கினார்கள். 1973இன் பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இன்று நாம் பொறாமையோடு பார்க்கும் பாதைகளுக்குப் பின்னால் சைக்கிள் பிரியம் மட்டும் இல்லை, பெற்றோரின் துக்கமும் இருக்கிறது. நாம் ‘குடும்பங்களுக்கு ஏற்ற நகரம்’ என்று ஒரு விளம்பரத்திலும் ‘சைக்கிளுக்கு ஏற்ற நகரம்’ என்று இன்னொரு திட்டத்திலும் படிக்கிறோம். இரண்டும் ஒரே கோரிக்கை என்பதை அந்தப் பெற்றோர் ஐம்பது வருஷம் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்.

என்னிடம் இப்போது நகரத்தை அளக்க ஒரே ஒரு அளவுகோல்தான். வார நாளில், சாயந்திரம் ஆறு மணிக்கு, பத்து வயசுப் பிள்ளை தனியாக சைக்கிளில் போய் ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கி வர முடியுமா? முடிந்தால் டீ விற்கிறவரும் வாட்ச்மேனும் என் நைனாவும் அந்தத் தெருவில் பத்திரமாகப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமையை வைத்து நகரத்தை அளப்பது, கல்யாண வீட்டுச் சாப்பாட்டை வைத்து ஒரு குடும்பத்தின் வசதியை அளப்பது மாதிரி.

நைனா போகும்போது சைக்கிளை எடுத்துப் போகவில்லை. "பாப்பா ஓட்டட்டும்" என்று விட்டுப் போனார். ஊரில் பக்கத்து வீட்டுப் பெண் கம்பெனிக்கு வேனில் போகிறாள். அவளுடைய அரசாங்க சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். போனில் சொன்னார், கூடை வைத்தது, காய் வாங்க வசதியாக இருக்கிறதாம்.

பாப்பாவுக்கு அந்தப் பெரிய சைக்கிளில் சீட் எட்டவில்லை. பாருக்கு அடியில் காலை விட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, குரங்கு பெடல் போடுகிறாள். பார்க்கிங்கில் தூண்களைச் சுற்றி மூன்று ரவுண்டு. நேற்று கேட்டின் முன்னால் வந்து நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் திறக்கவில்லை.