முப்பதைத் தாண்டியபின் கால்நடைப் படிப்பு: மைசூரில் எது தகும்?

வேலை, வீட்டுக் கடன், பள்ளி போகும் பிள்ளை என்று வாழ்க்கை ஒரு வழிக்கு வந்தபின், ஆடு மாடு சார்ந்த படிப்பில் இறங்க நினைப்பவர்கள் மைசூரில் அங்கங்கே இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது கட்டணமும் காலமும். அதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: இந்தப் படிப்பு விலங்கைத் தொட என்ன உரிமை தருகிறது? தொடும் கைக்கு எவ்வளவு பழக்கம் தருகிறது?

உரிமையைப் பொறுத்தவரை 1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கழகச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். பட்டயம் பெற்றவர், மாநில அரசு அனுமதித்தால், மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்யலாம். விலங்கியலில் முதுநிலைப் பட்டமே பெற்றிருந்தாலும் அது ஒரு பசுவுக்கு ஊசி போடும் உரிமையைத் தராது.

கைப்பழக்கத்துக்குச் சினைப் பரிசோதனையைப் பாருங்கள். தோள்வரை கையுறை மாட்டி, மலக்குடல் வழியாகக் கையை விட்டு, அதன் சுவருக்கு அப்பால் இருக்கும் கருப்பையை விரலால் தடவ வேண்டும். இரண்டு மாதச் சினை என்றால் ஒரு பக்கக் கொம்பு சற்றே பருத்து, நீர் தளும்பும். பல மாடுகளில் செய்து பழகினால்தான் விரலுக்கு அது பிடிபடும். பாடப் புத்தகம் எத்தனை கனமாக இருந்தாலும் இதற்கு உதவாது.

இந்த இரண்டிலும் முதலிடம் கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி.க்கே. ஆனால் பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டு, முழு நேரப் படிப்பு. மைசூருக்குக் கிட்டத்தில் இருக்கும் கல்லூரி ஹாசனில், ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில், பழைய கல்லூரி பெங்களூரு ஹெப்பாளில். வேலையை வைத்துக்கொண்டு படிப்பது நடக்காத காரியம். பி.யூ.சி.யில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படிக்காதவர் விண்ணப்பிக்கவே முடியாது. நீட் தேர்வின் உச்ச வயது வரம்பு 2022-இல் நீங்கியது உண்மைதான். அதை மட்டும் நம்பி வேலையை விடாமல், அந்தந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பின் வயது விதியையும் படிக்க வேண்டும்.

கால்நடைப் பராமரிப்பில் இரண்டு ஆண்டுப் பட்டயம் பெயருக்குச் சிறியது, கைக்கு நல்லது. பன்னூர் ஆட்டை வளர்த்து விற்கவோ பால் பண்ணை வைக்கவோ நினைப்பவருக்கு இதற்கு மேல் பட்டம் தேவையில்லை. குட்டைக் கால், திரண்ட தொடை என்று தரமான கிடாயைப் பார்த்த பார்வையில் பொறுக்கும் கண், மந்தையோடு பழகித்தான் வரும்.

மைசூர்ப் பல்கலைக்கழக வளாகமான மானசகங்கோத்ரியின் கதை வேறு. அங்கே குரங்குகளின் நடத்தை பற்றிய பேர்பெற்ற ஆய்வுகள் உளவியல் துறையில் மேவா சிங் தலைமையில் நடந்தன. விலங்கு ஆராய்ச்சிக்கு விலங்கியல் துறை ஒன்றே வாசல் இல்லை. ஏற்கெனவே உளவியலோ புள்ளியியலோ படித்தவர் மறுபடி இளநிலையிலிருந்து தொடங்கத் தேவையில்லாமல் போகலாம்.

மிஞ்சுவது அஞ்சல்வழி. 1996-இல் தொடங்கிய கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மைசூரிலேயே இருக்கிறது. சில ஆண்டுகள் யுஜிசி அங்கீகாரம் இல்லாதிருந்து 2018-இல் திரும்பப் பெற்றது. வேலையை விட முடியாதவருக்குத் திறந்தநிலைக் கல்வி பெரிய வரம், அதை மறுப்பதற்கில்லை. பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் போதும் என்றால் தாராளமாகச் சேரலாம். விலங்கோடு வேலை செய்ய வேண்டும் என்றால் பணமும் வருடமும்தான் கரையும்.

ஆக, நோய் தீர்க்கும் ஆசை இருந்தால் பி.வி.எஸ்சி. ஒன்றுதான், ஐந்தரை ஆண்டு வருமானமில்லாமல் குடும்பம் தாங்கும் என்றால் மட்டும். வளர்ப்பும் பண்ணையும் என்றால் பட்டயம். ஆராய்ச்சி என்றால் கையிலுள்ள பட்டத்தோடு பொருந்தும் துறை. நடுவயதில் சேரும் பெரும்பாலோருக்குப் பட்டயமே சரி என்பது என் முடிவு. பட்டத்தின் மதிப்புக்காக அதைத் தள்ளுபவர், தமக்கு வேண்டியது மாடா, பெயருக்குப் பின்னால் எழுத்தா என்று முடிவு செய்துவிட்டு விண்ணப்பத்தை வாங்கட்டும்.