பிறர் வீட்டுப் பொருள்கள்

நாவல் ஒன்றை எழுதி, அதன் மாந்தர் புழங்கிய பண்டங்களைத் திரட்டி ஒரு வீட்டில் அடுக்கி, வாசகரை உள்ளே வந்து பார்க்கச் சொன்ன எழுத்தாளர் உலக இலக்கியத்தில் அரியர். துருக்கிய நாவலாசிரியர் ஓரான் பாமுக் அதைச் செய்தார். 2006ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற அவர், 2008இல் ‘மாசுமியெத் முஸெஸி’ என்னும் நாவலை வெளியிட்டார். 2012இல் அதே பெயரில் இஸ்தான்புல் நகரின் சுக்குர்ஜுமா பகுதியில் ஒரு காட்சியகத்தைத் திறந்தார். தமிழில் ‘களங்கமின்மையின் காட்சியகம்’ எனலாம். ‘மாசுமியெத்’ நம் செவிக்கு அந்நியமான சொல் அன்று. ‘மஃஸூம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது அது. காக்கப்பட்டது என்பதே அதன் வேர்ப்பொருள். யார் காத்தார், எதிலிருந்து காத்தார் என்னும் வினா அச்சொல்லுக்குள்ளேயே உறைந்திருக்கிறது. நூலையும் வீட்டையும் ஒருசேர மதிப்பிட முற்படும் நாம் இவ்வினாவையே பற்றிக்கொள்ள விரும்புகிறோம்.

பழைய பண்டங்களையும் நினைவுப் பொருள்களையும் தேடி வாங்கி வீட்டை அழகு செய்யும் வழக்கம் இன்று பெருகியிருக்கிறது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியாயினும் சரி, யாரோ ஒருவருடைய பாட்டியின் வெற்றிலைப் பெட்டியாயினும் சரி, அலமாரியில் வைத்தபின் இரண்டும் ஒன்றுபோலவே காட்சியளிக்கின்றன. இரண்டும் ஒன்றுதாமா என்று கேட்டுப் பார்ப்பதற்கு இந்நாவலைவிடப் பொருத்தமான நூலை நாம் கண்டதில்லை.

கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1975ஆம் ஆண்டு. செல்வந்தர் வீட்டு இளைஞன் கெமால், தனக்கு நிச்சயிக்கப்பட்ட சிபெலுக்குக் கைப்பை வாங்கப்போன கடையில், தூரத்து உறவுப் பெண்ணான ஃபூஸுனைக் காண்கிறான். இருவரும் நெருங்குகின்றனர். கெமாலின் நிச்சயதார்த்தத்துக்குப் பின் அவள் மறைந்துவிடுகிறாள். மீண்டும் அவன் கண்டுபிடிக்கும்போது அவள் வேறொருவன் மனைவி. சுக்குர்ஜுமாவில் பெற்றோருடன் வசிக்கும் அவள் வீட்டுக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இரவு உணவுக்குச் சென்று வருகிறான் கெமால். செல்லும்போதெல்லாம் ஏதேனும் ஒன்றை எடுத்து வருகிறான். உப்புச் சிமிழ், கரண்டி, தொலைக்காட்சிப் பெட்டியின் மேலிருந்த பீங்கான் நாய், அவள் புகைத்து எறிந்த சிகரெட் துண்டுகள் என எதுவும் அவனுக்கு விலக்கன்று. அத்துண்டுகளின் எண்ணிக்கை மட்டும் 4,213. நாவலின் 68ஆம் அத்தியாயத்துக்குத் தலைப்பே அதுதான். காட்சியகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சுவர் முழுவதும் அவை ஊசி குத்தி நிறுத்தப்பட்டுள்ளன.

கெமால் எடுத்தவையெல்லாம் போய்ச் சேரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். ‘மெர்ஹமெத்’ என்னும் அடுக்ககத்தில் அவன் தாய்க்கு ஓர் இருப்பிடம் உண்டு. நாகரிகம் மாற மாற, வீட்டில் வைத்திருக்க வெட்கப்பட்ட பழைய சாமான்களைக் கொண்டுபோய்ப் போடும் கிடங்காக அதை அவள் ஆக்கியிருந்தாள். ஐரோப்பியப் பாங்கில் வாழ முனைந்த நிஷாந்தாஷி செல்வந்தர்கள் பாட்டனார் காலத்துப் பண்டங்களை எப்படி ஒதுக்கினர் என்பதை நாவல் நுட்பமாகக் காட்டுகிறது. பழைமையை முதலில் தூக்கி எறிவதும், சில ஆண்டுகள் கழித்து அதையே விலை கொடுத்து வாங்கி வரவேற்பறையில் வைப்பதும் ஒரே வர்க்கம்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் அப்பொருள்களைக் காத்தவர் பழைய சாமான் வியாபாரியேயன்றி வேறு யாருமல்லர். பொருளின் வரலாற்றை எழுதுவோர் இவரைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். பாமுக் மறக்கவில்லை. இறுதிப் பகுதியில் வரும் சேகரிப்பாளர் பற்றிய அத்தியாயத்தில், சேர்த்ததைக் காட்டிப் பெருமை கொள்வோர், சேர்த்ததை எண்ணி நாணி ஒளிப்போர் என இரு சாராரை அவர் பிரித்துக் காட்டுகிறார். நாணுவோரிடம்தான் அவருக்கும் நமக்கும் பரிவு உண்டாகிறது.

இந்நூலின் உயிர்நிலை, நினைவுப் பொருளின் பிறப்பிலேயே ஒரு களவு இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் துணிவில் இருக்கிறது. கெமால் எடுத்த ஒவ்வொன்றும் நெசிபெ அத்தையின் சமையலறையிலோ கூடத்திலோ ஒரு வெற்றிடத்தை விட்டுச் சென்றது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் பேசாதிருக்கிறாள். அவனும் போனதற்கு ஈடாகப் புதியதை வாங்கி வைக்கிறான், பணமும் வைக்கிறான். 1980ஆம் ஆண்டு இராணுவப் புரட்சிக்குப் பின் ஊரடங்கு நடக்கும் இரவொன்றில், சீமை மாதுளம்பழம் துருவும் துருவியோடு வந்த கெமாலைப் படைவீரர்கள் மறித்து, இது என்ன என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. நகைப்புக்குரிய காட்சிதான். ஆனால் அக்கேள்விக்கு அவனிடம் நேர்மையான விடை இல்லை. தன்னுடையதல்லாத ஒன்றைக் கையில் வைத்திருப்பவன் அவன்.

நாவலில் குறையில்லை என்று சொல்லமாட்டோம். எட்டு ஆண்டுக் காத்திருப்பை வாசகனும் காத்திருந்தே உணர வேண்டும் என்பது ஆசிரியரின் நோக்கமாயிருக்கலாம்; ஆயினும் நடுப்பகுதியில் ஒரு நூறு பக்கம் குறைந்திருந்தால் இழப்பேதும் நேர்ந்திராது. இதனினும் பெரிய குறை ஃபூஸுனைப் பற்றியது. திரைப்பட நடிகையாக வேண்டும் என்பது அவள் ஆசை. கெமால் படநிறுவனமே தொடங்கியும் அந்த ஆசையை நாள் கடத்திக்கொண்டே போகிறான். அவள் காதணி இருக்கிறது. அவள் எறிந்த சிகரெட் துண்டு இருக்கிறது. அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பதற்கு மட்டும் பேழை இல்லை. 1984இல் கார் விபத்தில் அவள் இறந்தபின் அந்த வீட்டையே கெமால் வாங்கிக் காட்சியகம் ஆக்குகிறான். அவளை இழந்தவன் அவள் பொருள்களுக்கு உடைமையாளன் ஆகிறான். இதை ஆசிரியர் அறிந்தே எழுதியிருக்கிறார் என்று நம்புகிறோம். ஆனால் கெமாலின் துயரத்தில் அவர் கொண்ட ஈடுபாடு, சில இடங்களில் அந்த அறிவை மங்கச் செய்துவிடுகிறது.

இனி, கல்லும் மரமுமான வீட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்ட அந்த வீட்டைப் பாமுக் 1999இல் வாங்கினார். நாவலுக்கு 83 அத்தியாயங்கள். அதற்கேற்பக் காட்சிப் பேழைகளும் வகுக்கப்பட்டன. நாவலில் அச்சிட்டிருக்கும் நுழைவுச் சீட்டில் முத்திரை பெற்று வாசகர் கட்டணமின்றி உள்ளே போகலாம். மேல்தளத்தில் கெமால் படுத்ததாகச் சொல்லப்படும் கட்டில். 2014இல் ஐரோப்பாவின் சிறந்த காட்சியகத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது. அரசுகள் எழுப்பும் மாபெரும் காட்சியகங்களுக்கு எதிராகத் தனிமனிதரின் சிறு வீடுகளே வருங்காலக் காட்சியகங்கள் என்பது பாமுக்கின் கொள்கை. அக்கொள்கையை நாம் முழுமனத்துடன் ஏற்கிறோம்.

நம் தயக்கம் வேறிடத்தில் எழுகிறது. கெமாலும் ஃபூஸுனும் கற்பனை மாந்தர். ஆனால் பேழையில் உள்ள கோப்பையும் கடிகாரமும் கற்பனை அல்ல. அவற்றில் பலவற்றைப் பாமுக் பல ஆண்டுகளாகப் பழைய சாமான் கடைகளில் தேடி வாங்கினார். வாங்கிய பொருளைச் சுற்றிக் கதையையும் அமைத்தார். அந்தக் கடைகளுக்கு அப்பண்டங்கள் எங்கிருந்து வந்தன?

சுக்குர்ஜுமா, பெயோலு பகுதியைச் சேர்ந்தது. கிரேக்கரும் ஆர்மீனியரும் யூதரும் நெருங்கி வாழ்ந்த இடம் அது. 1942இல் விதிக்கப்பட்ட செல்வ வரி முஸ்லிமல்லாதார் மீது தாங்கொணாச் சுமையாக விழுந்தது. கட்ட இயலாதவர்களின் வீட்டுச் சாமான்கள் ஏலத்தில் போயின. 1955 செப்டம்பர் 6, 7 ஆகிய நாள்களில் கிரேக்கரின் கடைகளும் வீடுகளும் கும்பல்களால் சூறையாடப்பட்டன. 1964இல் கிரேக்கக் குடியுரிமை கொண்டிருந்தோர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்டவை 20 கிலோ சாமான். 22 டாலர் பணம். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் பண்டங்களில் 20 கிலோ போக மிஞ்சியவற்றை எண்ணிப் பாருங்கள். சாப்பாட்டு மேசை, சுவர்க் கடிகாரம், பாட்டியின் பீங்கான் தட்டுகள், சட்டமிட்ட திருமணப் படம்! இஸ்தான்புல்லின் பழம்பொருள் வாணிகம் செழித்ததில் இந்த வெளியேற்றங்களுக்கும் பங்குண்டு. கடையில் கிடக்கும் கோப்பை எவர் வீட்டுக் கோப்பை என்பதை அக்கோப்பை சொல்லாது.

அவ்வாறு கைமாறி வந்த ஒன்றுக்கு ‘இது ஃபூஸுன் தேநீர் அருந்திய கோப்பை’ என்று பெயர் சூட்டும்போது, உண்மையில் அதில் அருந்தியவள் இரண்டாம் முறை அதை இழக்கிறாள். நாடக மேடைக்கு இரவல் வாங்கிய உடை போன்றதுதானே இது என்று வாசகர் கேட்கலாம். பாதி ஒப்புக்கொள்கிறோம். இரவல் உடை நாடகம் முடிந்தபின் திரும்பிப் போகும். பேழையில் வைத்தது போகாது.

பாமுக்கைக் கோழை என்று கூறுவோமாயின் அது பெரும் அநீதி. ஆர்மீனியர், குர்துகள் ஆகியோர் கொல்லப்பட்டதைப் பற்றிப் பேசியதற்காக 2005இல் வழக்கைச் சந்தித்தவர் அவர். 2006 தொடக்கத்தில் அவ்வழக்கு கைவிடப்பட்டது. ‘இஸ்தான்புல்’ என்னும் நினைவு நூலில் 1955ஆம் ஆண்டு வன்முறையை எழுதவும் செய்திருக்கிறார். அத்தகையவரிடம்தான் இக்கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை பிறக்கிறது. மேலும், அந்நகரில் வெளியேறியோர் சிறுபான்மையினர், எஞ்சி நின்று வாங்கியோர் பெரும்பான்மையினர், அப்பெரும்பான்மை முஸ்லிம்கள். நம் பக்கங்களில் இதைச் சொல்லாமல் விட்டால் வேறெங்கு சொல்வது?

இதே காலத்து மற்றொரு நூலை இங்கு ஒப்பிட்டுப் பார்க்கலாம். எட்மண்ட் டி வால் என்னும் ஆங்கிலேய மட்பாண்டக் கலைஞர் 2010இல் வெளியிட்ட ‘அம்பர் கண்கள் கொண்ட முயல்’. 264 சிறு ஜப்பானியச் செதுக்குருவங்கள் பாரிஸில் வாங்கப்பட்டு, வியன்னாவுக்குத் திருமணப் பரிசாகச் சென்று, 1938இல் நாஜிகள் அந்த யூதக் குடும்பத்தின் மாளிகையைப் பறித்தபோது, அன்னா என்னும் பணிப்பெண் மெத்தைக்குள் ஒளித்துக் காத்ததாக நூல் கூறுகிறது. போருக்குப் பின் குடும்பத்தாரிடம் திரும்பி, டோக்கியோ வழியே ஆசிரியரின் கைக்கு அவை வருகின்றன. நடையழகில் பாமுக்குக்கு இவர் ஈடல்லர். கட்டமைப்பும் சற்றுத் தளர்வு. ஆயினும் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு என்று இவர் விடாது தேடுகிறார். அன்னாவின் முழுப்பெயரைத் தம்மால் கூற இயலாததை ஒரு கடனாகவே உணர்கிறார். அவள் காத்தது அமானிதம். கெமால் காத்தது உடைமை. ‘மஃஸூம்’ என்னும் சொல்லில் உள்ள காத்தல் இவ்விரண்டில் எதைக் குறிக்கும் என்பதை வாசகரே அறிவர்.

பாமுக்கின் வீடு திறக்கப்பட்டபோது எல்லாப் பேழைகளும் நிறைவுற்றிருக்கவில்லை. நிறைவுறாத பேழைகளுள் ஒன்றை நாவலின் மாந்தர் எவருக்கும் கொடுக்காமல், கடையில் வாங்கிய ஒரு பொருளை அதனுள் வைத்து, வாங்கிய ஆண்டு, கொடுத்த விலை, முன்பு இருந்த வீடு தெரியவில்லை என்னும் மூன்று வரிகளை மட்டும் அதன் கீழ் எழுதி வைக்கலாம்.